ஒரு மணி இருபது நிமிடம்

சென்னைக்கும் கொழும்புக்கும் எவ்வளவு தூரம் என்று
தேவநேசன் கேட்டார், கிரீம்ஸ் சாலை முனையில்
வண்டி நின்று பதினோரு நிமிடம் ஆகியிருந்தபோது.
அறுநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும்.
பறந்தால் ஒரு மணி இருபது நிமிடம்.
"அதுக்குள்ள சைதாப்பேட்டையத் தாண்டினா பெரிசு மேடம்."
மழையில் வைப்பர் தலையாட்டியது,
ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

மடியில் பெட்டி.
சீட் பெல்ட்டில் என்னோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.
மூடிமேல் சின்னத் திரையில் 4.1 டிகிரி.
உள்ளே முந்நூறு மில்லி,
இன்று காலைவரை யாரோ ஒருவனுக்குள் இருந்தது.
வெளியே வந்துவிட்டதால் அதற்கு இப்போது ஆயுள் உண்டு:
எழுபத்திரண்டு மணி நேரம்.
ஐந்து போய்விட்டது.

அவனை நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது, விதி.
நர்ஸ்தான் வாய்தவறிச் சொன்னாள்:
நாலு மணி நேரமும் கிரிக்கெட் பார்த்தான்,
ஊசி இருக்கு, கையை மடக்காதே என்று எத்தனை திட்டியும்
ஒவ்வொரு சிக்ஸருக்கும் மடக்கினான்.
அந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றி
அதுகூடத் தெரியாது.
ஓர் எண். ஒரு படுக்கை.
பழைய குடித்தனம் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து,
சாவியோடு வாசலில் நிற்கும் வீடு போல
ஓர் உடல்.

நந்தனத்தில் 4.2.
பாலத்துக்குக் கீழே அடையாறு
எங்களை முந்திக்கொண்டு போகிறது.

வங்கியில் இருபத்தாறு வருடம் இருந்தவள் நான்.
ஒருவர் பொருளை இன்னொருவரிடம் சேர்ப்பது
கைக்குப் பழகிய வேலை.
கொடுப்பவர் பெயரும் பெறுபவர் பெயரும் இல்லாத
டிராஃப்ட் மட்டும் பார்த்ததில்லை.

மீனம்பாக்கத்தில் பெட்டியை பெல்ட்டில் வைக்கச் சொன்னாள்
பாதுகாப்புப் பெண், இந்தியில்.
எக்ஸ்ரே கூடாது என்றேன். கடிதம் காட்டினேன்.
அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.
அவர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார்.
உள்ளே என்ன?
உயிர் என்று சொல்லலாம், நாடகத்தனமாக இருக்கும்.
ரத்தம் மாதிரி என்றேன்.
மாதிரி என்றால்?
வரிசையில் எனக்குப் பின்னால் ஒருவர்
இரண்டு கிலோ காராசேவை நெஞ்சோடு அணைத்தபடி
கைக்கடிகாரத்தைச் சத்தமாகப் பார்த்தார்.
இருபத்திரண்டு நிமிடம். 4.4.
கடைசியில் ஒரு பஞ்சால் மூடியைத் துடைத்து
போங்கள் என்றார்கள்.

மெஹருன்னிசா அப்துல் ரவூப்?
ஆமாம்.
எத்தனை நாள் தங்குவீர்கள்?
ஆறு மணி நேரம்.
அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

மழை. தாமதம் என்று பலகை சொன்னது, எவ்வளவு என்று சொல்லவில்லை.
காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை.
கழிவறைக்குப் போனால் பெட்டியும் உள்ளே வர வேண்டும்,
அந்தக் கதவுகளோ ஓர் ஆளுக்கே இடுக்கு.
உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
பிழைத்துக்கொண்டால், சில மாதங்களில்
அங்கே ஓடுவது இவனுடைய ரத்தப் பிரிவாக இருக்குமாம்.
விசா எதுவும் இல்லாமல்
கொழும்பில் ஒருவர் சென்னை ரத்தத்தோடு
பஸ்ஸுக்கு ஓடுவார், கொசுக்கடி வாங்குவார்,
வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்வார்.
இதற்கு எத்தனை கிலோமீட்டர் என்று
தேவநேசன் கேட்டால் என்ன சொல்வது?

விமானம் ஏறியது தெரிந்தது.
கீழே கடல் இருந்திருக்க வேண்டும், இருட்டாக.
பழச்சாறு வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள்
இறங்கத் தொடங்கிவிட்டது.

ஒன்பதாம் மாடி. இரும்புக் கதவு.
பச்சைத் தொப்பிக்காரி எண்களை இரண்டு முறை ஒப்பிட்டாள்.
நான் ஓர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அவள் மூன்று இடத்தில்.
"மழையெண்டு சொன்னவை, கெதியா வந்திட்டீங்கள்" என்றாள்.

அவன் சிக்ஸருக்கெல்லாம் கையை மடக்குவான்,
கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
விதி ஞாபகம் வந்தது.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.